மாமனார் உயரம்

செக்கானூரணியிலிருந்து கருமாத்தூர் வருவதற்குள் மூன்று முறை சைக்கிளை நிறுத்திவிட்டேன். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த என் பெண்டாட்டி அன்னக்கொடி ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கழுத்து அப்படி வலித்தது.

உசிலம்பட்டிப் பக்கம் மாமனார் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். கல்யாணத்துக்கு அவர் சீராகக் கொடுத்த சைக்கிளை விற்கப்போகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டு வர. எமர்ஜென்சி முடிந்த வருடம் அது. தினமும் ஊரில் பால் எடுத்து மதுரை டீக்கடைகளுக்கு ஊற்றுவது என் பிழைப்பு. ஏழெட்டு மாதமாகக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முந்தின வாரம் பின்னால் வந்த டவுன் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்க முடியாமல் பள்ளத்தில் இறங்கி, இரண்டு கேன் பாலும் மண்ணுக்குப் போனது. சைக்கிளும் வேண்டாம் பாலும் வேண்டாம், பழையபடி செங்கல் காளவாசலுக்கே போய்விடலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சீர் சைக்கிளை விற்றால் அன்னக்கொடிக்குப் பிறந்த வீட்டில் எம்புட்டுத் தலைகுனிவு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

வைத்தியம் பார்க்காமலா இருந்தேன்? தலையணையை மாற்றினேன், பிறகு அதையும் தூக்கி எறிந்தேன். தைலம் தேய்த்துத் தேய்த்துச் சட்டைக் காலரே நாறியது. காலால் பிறந்தவன் மிதித்தால் சுளுக்குப் போகும் என்று எங்கள் தெருவில் அப்படிப் பிறந்த காளை என்பவனிடம் மூன்று வெள்ளிக்கிழமை மிதி வாங்கினேன். பாவிப்பயல், கூப்பிடாமலே நாலாவது வாரமும் காலைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டான்.

ரோடு வளைந்த இடத்தில் எங்கள் நிழல் பக்கத்தில் விழுந்தது.

"இங்கேருங்க, ஒங்க நெழலப் பாருங்க," என்றாள் அன்னக்கொடி.

பார்த்தேன். முதுகு கவிழ்ந்து கிடக்க, தலை மட்டும் ஆமைத்தலை மாதிரி மேலே எக்கிக்கொண்டிருந்தது.

"தெனம் மதுர வரைக்கும் இப்புடியேதேன் போறீகளா? சீட்டு எங்கப்பன் ஒசரத்துக்கு இருக்கு. எறக்குனா என்ன?"

மாமனார் மொக்கையன் ஆறடி. மதுரையில் சைக்கிளை வாங்கி, தன் காலுக்கு சீட்டைத் தூக்கி, அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். பந்தலில் அவருடைய மூன்று மகன்களும் பனைமரமாக என்னைச் சுற்றி நின்று, "மாப்ள, பெடல் எட்டுமா?" என்றார்கள். பந்தலே சிரித்தது. அன்றைக்கு நெஞ்சுக்குள் ஒரு சபதம். கட்டைவிரல் நுனியால் மிதித்தாலும் மிதிப்பேன், சீட்டை இறக்கமாட்டேன்.

"எறக்க மாட்டேன் புள்ள."

அவள் குதித்து இறங்கி விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். கருமாத்தூரில் பாதுஷாவின் பஞ்சர் கடையில் போய் நின்று, "அண்ணே, ஸ்பேனரு இருக்கா?" என்றாள்.

என் கழுத்து வலியையும் தினம் மதுரை போவதையும் அவளே சொன்னாள். பாதுஷா என்னை ஏறி உட்காரச் சொல்லி ஒரு தடவைதான் பார்த்தார். "ஒசரத்துல உக்காந்து பள்ளத்துல ஹேண்டில்பாரப் புடிச்சா ஒடம்பு குனியத்தானண்ணே செய்யும்? பெறகு ரோட்டப் பாக்க மூஞ்சியத் தூக்கணும்ல. மதுர போய்ச் சேர்ற வரைக்கும் கழுத்து மடங்கியே கெடக்கு. வலிக்காம என்ன செய்யும்?"

சீட்டை நாலு விரல்கடை இறக்கினார். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் தூக்கி முடுக்கினார். ஏறி மிதித்தேன். முகத்தைத் தூக்காமலே ரோடு தெரிந்தது. வலி போய்விடவில்லை, ஆனால் பிடி விட்டது. அட, இம்புட்டுத்தானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமனார் வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் கண் நேராக சீட்டில்தான் விழுந்தது. "என்ன மாப்ள, எறங்கிப்போச்சு?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சினன்மார் மூவரும் தலையைத் தூக்கினார்கள்.

"நாந்தேன்ப்பா எறக்கச் சொன்னேன்," என்றாள் அன்னக்கொடி. "பின்னால உக்காந்தா இவுக முதுகுதேன் தெரியுது. ரோடே தெரிய மாட்டேங்குது."

"அப்பச் சரி," என்று மாமனார் சிரித்தார். மச்சினன்மார் சோற்றுக்குத் திரும்பினார்கள். அவள் என் பக்கம் பார்க்காமல் எனக்குக் குழம்பு ஊற்றினாள். கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. விற்கிற பேச்சை நான் எடுக்கவேயில்லை.

சாயங்காலம் திரும்பும்போது அதே வளைவில் நிழல் நீளமாக விழுந்தது.

"என்ன புள்ள, ரோடு தெரியுதா?" என்றேன்.

"எங்கிட்டு? ஒங்க கழுத்துதேன் தெரியுது," என்றாள். கொஞ்ச தூரம் போனதும் பிடரியில் அவள் கை பட்டது. "நேரா இருக்கு."