ஆணி இறங்கிய இடம்

எனக்குச் சப்பை வளைவு என்றாலே ஆகாது. வளைவு என்றால் பாதி நிலா மாதிரி எழும்ப வேண்டும். எட்டடி அகலத்துக்கு நாலடி உயரம். அந்தப் பாதிக்குக் குறைந்தால் அதற்குத் தாழ்வளைவு என்று பேர். பேரெல்லாம் எனக்கும் தெரியும். முப்பது வருஷக் கொத்தனார் வேலையில் ஒன்றுகூடக் கட்டினதில்லை, அவ்வளவுதான். கூன் விழுந்த வளைவை எவன் கட்டுவான் என்று கேலி பேசிக்கொண்டு திரிந்தவன் நான்.

அக்காவின் ரொட்டிக் கடையில்தான் என் வாய்க்கொழுப்பு அடங்கியது.

முன்னறை கடை. அங்கே கல்லாவில் அக்கா. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பறையில் மாமா. சுவரின் ஓரத்தில் ஒரு சின்னக் கதவு. இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பேரும் சுவரைத் தாண்டிக் கத்திக் கத்தியே வியாபாரம் பண்ணினார்கள். போன வருஷம் அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது. பன் தீர்ந்துபோச்சு என்று மாமா அங்கே கரடியாகக் கத்துவார். இவள் இங்கே இன்னும் இரண்டு டஜனுக்குச் சரி சொல்லிக்கொண்டிருப்பாள். காதுக்கு மிஷின் வைத்துப் பார்த்தாள். மாவு பிசைகிற இரைச்சல்தான் பெரிசாகக் கேட்டதாம், கழற்றிவிட்டாள்.

கடைசியில் மாமா, கல்லாவுக்கு வேறு ஆள் போடலாம், நீ வீட்டில் இரு என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அக்காவுக்கோ உயிரே போனமாதிரி ஆகிவிட்டது. என்னைக் கூப்பிட்டு, சுவரைத் திறந்துவிடு, அவர் கை ஜாடை தெரிந்தால் போதும், நான் சமாளித்துக்கொள்வேன் என்றாள். திறந்து ஒரு மாசம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் ஆள்தான் என்று மாமா ஒத்துக்கொண்டார்.

அது மாடியைத் தாங்குகிற சுவர். ஏழரை அடியில் மேலே உத்திரம் ஓடுகிறது. படம் போட்டுக் கொடுத்த இன்ஜினியரம்மா, "தாழ்வளைவு, அகலம் எட்டடி, உயரம் ஒன்றரை அடி" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே படத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பலகையில் எட்டடிக்குக் கோடு போட்டு, வழக்கம்போல அதன் நடுவில் ஆணி அடித்தேன். கயிறு கட்டிச் சுற்றி, அரைவட்டமாகப் பலகை அறுத்தேன். கல் அடுக்கும்போது வளைவைத் தாங்குகிற பலகை அதுதான். கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தால், உச்சி உத்திரத்துக்குக் கீழே அடங்குவதற்கு வளைவு தரையிலிருந்து மூன்றடியிலேயே புறப்பட வேண்டியிருந்தது. அக்கா கல்லாவில் போய் உட்கார்ந்து பார்த்தாள். சுவரைத் திறந்தாலும், அடுப்பு இருக்கிற மூலை அப்படியே வளைவின் தோளுக்குப் பின்னால் போய்விடும்.

"எலிக்கு வளை தோண்டுறியாடா? எனக்கு அவரைப் பாக்கணும்," என்றாள். கண் கலங்கிவிட்டது.

கோபத்தில் பலகையை எட்டி உதைத்தேன். வலித்தது என் கால்தான்.

என் மனைவி என்னோடு கலவை போட்டே தலை நரைத்தவள். சாந்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கயிற்றை எடுத்தாள்.

"கோட்டு மேலதான் ஆணி இருக்கணும்னு யாரு சொன்னா? கீழ இறக்குங்க."

இறக்கினேன். கோட்டுக்குக் கீழே நாலரை அடிக்குச் சற்றுக் கூடுதல். கயிறு ஆறடிக்குக் கொஞ்சம் மேல். சுற்றினால் வளைவு பணிந்து, மெத்தென்று கிடந்தது. இனி அது ஐந்தரை அடியில் புறப்பட்டால் போதும். முப்பது வருஷமாக அந்த ஆணியை நான் ஒரு விரல்கூட நகர்த்திப் பார்த்ததில்லையே என்று வெட்கமாக இருந்தது.

பிறகுதான் படத்தைப் பிரித்து முழுசாகப் படித்தேன். வளைவு எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு பக்கச் சுவரைத் தள்ளும், அதனால் ஓரத்துக் கதவைக் கல் வைத்து அடைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. நல்லவேளை. உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, கதவை அடைத்து, சுவரைத் திறந்து, கல் கல்லாக அடுக்கி முடித்தோம். மூன்று வாரம் தொடவில்லை.

பலகையைப் பிரிக்கிற அன்றைக்குக் கட்டினவன் கீழே நிற்க வேண்டும். அது எங்கள் வழக்கம். நின்றேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் என் மனைவியும் வந்து ஒட்டி நின்றாள். பலகைக்கு அடியில் செருகியிருந்த ஆப்புகளை ஒவ்வொன்றாக, மெதுவாகத் தட்டித் தளர்த்தினேன். பலகை இறங்கியது, வளைவு நின்றது. ஒரு பொடிகூட உதிரவில்லை. "சப்பையா இருந்தாலும் அழகாத்தான் இருக்கு," என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் கடை திறந்தார்கள். மாமா இரண்டு விரல் காட்டினால் அக்கா இரண்டு டஜன் என்று எழுதினாள். கையை விரித்தால் இல்லை என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். ஒரு தப்பு இல்லை. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அவரு வாய் ஓயறதே இல்லடா. காலையிலேருந்து பாக்கறேன். யார்கிட்ட பேசறாரு?"

அடுப்பறையில் வேறு யாரும் இல்லை. நான் போய் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். தட்டில் பன்னை அடுக்கிக்கொண்டே, தனக்குள் பேசுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். மாவு பிசைகிற இரைச்சலில், நல்ல காது இருந்த காலத்திலும் அக்காவுக்குக் கேட்டிருக்காது.

"உக்காந்தே இருக்காத, காலு வீங்கிக்கும். கொஞ்சம் எழுந்து நட."

நிமிர்ந்து பார்த்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் அக்கா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு எழுந்து, கல்லாவைச் சுற்றி நாலு எட்டு நடந்தாள்.