பல் டாக்டர் தனியாகப் பறந்த நாள்

ஊருக்கு வெளியே இருந்த அந்தச் சின்ன விமான நிலையத்தில், கோபுரத்து உச்சியின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்வது அவள் வேலை. அன்று பகலில் வானத்தில் ஒரே ஒரு பயிற்சி விமானம்தான். ஓட்டியவர் பல் டாக்டர். ஐம்பதைத் தாண்டிய பிறகு பறக்க ஆசைப்பட்டவர். ஊரார் வாயையெல்லாம் அதட்டித் திறக்கவைக்கிற மனிதர், ஆசிரியர் இல்லாமல் முதன்முதலாகத் தனியே ஏறியதும் ரேடியோவில் பாதி வார்த்தையை விழுங்கினார்.

ஓடுபாதையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது ஆம்புலன்ஸ் விமானம் கூப்பிட்டது. ஓட்டுவது அவளுடைய அண்ணன்.

"நெஞ்சுவலிக்காரர் ஒருத்தர் உள்ள இருக்காரு. நேரா இறங்கணும்."

டாக்டருடையது ஆமை, அண்ணனுடையது அம்பு. டாக்டர் முதலில் இறங்கட்டும், அண்ணன் வேகத்தைக் குறைத்துப் பின்னால் வரட்டும் என்று இருவருக்கும் சொன்னாள். கணக்கு சரிதான். ஆனால் டாக்டர் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் எங்கோ தள்ளிப் போய்க்கொண்டே இருந்தார். ஒருவழியாகத் திரும்பி ஓடுபாதைக்கு நேராக வந்தபோது, அவருக்குப் பின்னால் அண்ணனின் விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது.



"டாக்டரை அங்கயே ஒரு வட்டம் போடச் சொல்லும்மா," என்றார் பக்கத்தில் இருந்த மேலதிகாரி.

"இவ்வளவு தாழ்வுல, மெதுவா வரும்போது திரும்பச் சொன்னா கவுத்துடுவாரு சார்."

மைக்கை அழுத்தினாள். "ஆம்புலன்ஸ், இறங்க வேணாம். மேல ஏறி மறுபடி சுத்தி வாங்க."

"நோயாளி இருக்காருன்னு சொன்னேனே!"

"ஏறுங்க! உடனே ஏறுங்க!"

இரண்டு விமானங்களும் ஏறின.

தன்னைத்தான் சொல்கிறாள் என்று டாக்டரும் மூக்கைத் தூக்கிவிட்டார். முன்னே மெதுவாக அவர். அவர் வாலுக்குக் கீழே, அவரைப் பார்க்க முடியாமல், வேகமாக அண்ணன். கத்தினால் டாக்டர் இன்னும் மிரளுவார். குரலை இழுத்துப் பிடித்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஆம்புலன்ஸ், இப்பவே வலது பக்கம் திரும்புங்க. பயிற்சி விமானம், நீங்க நேரா போங்க டாக்டர், திரும்பாதீங்க."

அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. அவன் விமானம் வலப்புறம் சரிந்தது. டாக்டரின் சக்கரங்களை ஒட்டினாற்போல் அது விலகிப் போனதைப் பார்த்த மேலதிகாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் குறுகிய சுற்றில் வந்து முதலில் இறங்கினான். ஓடுபாதை ஓரம் காத்திருந்த வண்டி நோயாளியை ஏற்றிக்கொண்டு பறந்தது. பிறகு டாக்டர் தவளைபோல் மூன்று தடவை துள்ளி இறங்கினார்.

அவள் மேலதிகாரி பக்கம் திரும்பினாள்.

"ரெண்டாவது தடவை 'ஏறுங்க'ன்னப்ப ஆம்புலன்ஸ்னு சொல்லாம விட்டுட்டேன் சார். டாக்டர் மேல தப்பில்ல. மேலிடத்துல அப்படியே சொல்லிடுங்க," என்றாள்.

"விசாரணை வரும்மா."

"வரட்டும்."

மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் அண்ணன் போன் செய்தான்.

"ஆள் பொழச்சுட்டாரு. கண்ணு முழிச்சுப் பேசினாராம்."

விசும்பிக்கொண்டே கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அழு, பரவால்ல," என்றான் அண்ணன். "நானும் இப்பத்தான் அழுது முடிச்சேன்."