வேறு மாத்திரை

ஒன்றுக்குப் போக இரவில் ஏழு தடவை எழுந்துகொண்டிருந்த வேதகிரிக்கு, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. கூடவே இன்னொன்றும் தீர்ந்துபோனது. அறுபத்திரண்டு வயதில் அதற்கென்ன அவசரம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவருக்கு அது பெரிய துக்கம்.

அவர் ஊர் காவாந்தண்டலத்து ஆண்கள் வெயிலில் நாளெல்லாம் வயல் வரப்பில் அண்டை வெட்டுவார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் மட்டும் அரை மணி நேரம் நிற்க மாட்டார்கள். மாதாமாதம் மருந்து நோட்டை எடுத்துக்கொண்டு உத்திரமேரூருக்கு பஸ் ஏறுவது பெண்டாட்டிமார் வேலை. வேதகிரியின் மனைவி ஆண்டாளம்மாள் எட்டு மாதமாக ஒரு தடவைகூடத் தவறவில்லை. படுக்கையில் அவர் தோற்றுப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும் போதெல்லாம், "வயசாய்க்கினு போவுதில்ல, வுடு" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். வாலாஜாபாத்தில் எவனோ விற்ற லேகியத்தை அவர் வெட்கத்தோடு நீட்டியபோது, முகம் சுளிக்காமல் பாலில் கலக்கிக் கொடுத்ததும் அவள்தான். இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மனுஷன் உருகிப்போனார்.

இந்த மாதம் அவளுக்குக் காய்ச்சல். அவரே போனார். டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பெரியவரே, சம்சாரத்தோட இருக்கிறதுல கஷ்டம் ஏதாவது இருக்கா?"

வேதகிரி தரையைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினார்.

"இந்த மாத்திரையால சில பேருக்கு அப்படி ஆகும். முதல்லயே உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேன். வேற மாத்திரை மாத்தித் தரட்டுமான்னு ரெண்டு தடவை கேட்டேன். நீங்கதான் வேணாம்னுட்டீங்கன்னு சொன்னாங்களே?"

அவருக்குக் காதை அடைத்தது. யாரிடமும் சொல்ல முடியாமல் அவளிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறார். அவளுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. தெரிந்தே லேகியம் கலக்கியிருக்கிறாள். கழுத்தை அறுத்துவிட்டாளே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் குமைந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் புது மாத்திரையை அவள் எதிரே வைத்தார்.

"எல்லாம் தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியாமே? நான் அழுவும்போது கூடவா?"

ஆண்டாளம்மாள் மாத்திரையைப் பார்த்தாள். முகத்தில் பயம் வந்ததே தவிர, வெட்கம் வரவில்லை.

"எட்டு மாசமாத்தான்யா நிம்மதியா தூங்கிக்கினு கீறேன்" என்றாள். "நாப்பது வருசத்துல ஒரு நாளாவது, உனுக்கு இஷ்டமான்னு கேட்டிருப்பியா நீ?"

ஒரு நாளாவது கேட்டிருப்போம் என்று வேதகிரி யோசித்தார். கல்யாணமான வருஷத்திலிருந்து யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"அதுக்காவ என்னை இப்டி ஏமாத்துவியா?" என்றார்.