ஆல்ஃபிக்கு யார் பதில் சொல்வது?

அப்பாவின் அடக்கத்துக்கு வருகிறவர்களுக்காக டோரீன் ஹாமை, உப்பிட்டு வேகவைத்த பன்றித்தொடையை, துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். மெலிதாக வெட்டினால் கஞ்சத்தனம் என்பார்கள், தடிமனாக வெட்டினால் பகட்டு என்பார்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் ஒரு மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதை அவனுடைய சாவுக்கு வைத்த ஹாமைப் பார்த்துத்தான் முடிவு கட்டுவார்கள். அப்போதுதான் பின்கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் ஸ்டான் பில்லிங். எழுபது வயது, கோட்டில் பதக்கங்கள், முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது.

"மண் காலோட வராதீங்க ஸ்டான் மாமா. இப்பத்தான் துடைச்சேன்."

அவர் கால்மிதியில் காலைத் தேய்த்துக்கொண்டே நின்றார். காலில் மண் எதுவுமில்லை.

"இன்னைக்குப் பேர்ப் பட்டியலை நீதான் கூப்பிடப் போறியாமே?"

"வேற யார் இருக்கா? மிச்சமிருந்ததே நீங்க ரெண்டு பேரு. ஒருத்தர் பெட்டிக்குள்ள. நீங்க பதில் சொல்லணும்."

"ஆல்ஃபி பேரை விட்டுடு, டோரீன். உங்கப்பன் பிடிச்ச பிடி அவனோட போகட்டும்."

டோரீன் கத்தியைக் கீழே வைத்தாள். இருநூறு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் பரிமாறுகிறவள். குரலை உயர்த்தாமலே அதட்டத் தெரியும்.

"முடியாது" என்றாள். "வேணும்னா டீ தரேன்."

ஸ்டான் டீ குடிக்காமல் போய்விட்டார்.

இந்த ஊரிலிருந்து இரண்டாம் உலகப்போருக்கு ஒரே காலாட்படை ரெஜிமென்ட்டில் சேர்ந்து போனவர்கள் முப்பத்தொரு பேர். டோரீனின் அப்பா க்ளிஃபர்ட் ராஸ்ட்ரன் அவர்களுக்கு சார்ஜென்ட். போர் முடிந்து நாற்பத்துமூன்று வருஷமாக, ஒவ்வொரு நவம்பரிலும் போர் நினைவு நாளன்று, அவர்களில் ஒருவரைப் புதைக்கும்போதும், அவர் அந்த முப்பத்தொரு பேரையும் மனப்பாடமாகக் கூப்பிடுவார். உயிரோடிருப்பவன் தனக்குத் தானே பதில் சொல்வான். செத்தவனுக்குப் பட்டியலில் அவனுக்கு அடுத்து உயிரோடிருப்பவன் பதில் சொல்லுவான், கீழே யாருமில்லை என்றால் மறுபடி மேலிருந்து. பதில் வராமல் அடுத்த பெயருக்குப் போவது கிடையாது. அது சட்டம்.

பட்டியலின் கடைசி மூன்று பெயர்கள் ஆல்ஃப்ரட் பில்லிங், ஸ்டான்லி பில்லிங், க்ளிஃபர்ட் ராஸ்ட்ரன். ஆல்ஃபி ஸ்டானின் தம்பி. இத்தாலியில் ஓர் ஆற்றங்கரைப் பதுங்குகுழியில் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிப்போனவன். மூன்று நாள் கழித்து ஒரு வைக்கோல் கொட்டகையில் குண்டுச் சிதறல் பட்டுச் செத்துக் கிடந்தான். ஊர்த் தேவாலயத்தில் போரில் செத்தவர்களுக்குப் பித்தளைப் பலகை வைக்க வீடு வீடாகப் பெயர் கேட்டு வந்தபோது, "எங்க வீட்ல யாருமில்ல" என்று சொல்லி அனுப்பியவர் ஸ்டானேதான். பட்டியலில் தம்பி பெயர் வரும்போதெல்லாம் அவர் வாயைத் திறக்கமாட்டார். அப்பா கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு அடுத்தவர் என்ற முறையில் தானே, "இருக்கான்" என்பார்.

"ஓடினவன்தானேப்பா?" என்று டோரீன் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"ஓடினான். அதுக்கு முன்னாடி பதினொரு மாசம் என் பக்கத்துல நின்னானே, அதை எந்தக் கணக்குல எழுதுறது?"

போன வியாழக்கிழமை காலை, சாகிற அன்று, படுக்கையிலிருந்தபடியே அப்பா பட்டியலைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். ஆல்ஃபியின் பெயர் வந்ததும் நின்றுவிட்டார். பதில் சொல்லவேண்டியது தான்தான் என்பது மறந்துபோயிற்று. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். டோரீனுக்குப் பொறுக்கவில்லை. "இருக்கான்ப்பா" என்றாள்.

"நீ எந்தப் படையில இருந்த? வாயை மூடு!"

அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது. அரைமணி நேரம் காத்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். திட்டு வாங்கியதில் அவளுக்கு வருத்தமில்லை. அவரைக் காத்திருக்கவிட்டு அனுப்பிவிட்டோமே என்பதுதான் அறுத்தது.

கல்லறைத் தோட்டத்தில் தூறல். பாதிரியார் ஜெபம் முடித்ததும் டோரீன் குழியருகே வந்து நின்றாள். கையில் காகிதமில்லை. அப்பா தினமும் சவரம் செய்யும்போது சொல்லக் கேட்டு வளர்ந்த பெயர்கள் அவை.

"ஜோசப் ஆஷ்வர்த்!"

"இருக்கான்" என்றார் ஸ்டான்.

"எர்னஸ்ட் பர்ட்விசில்!"

"இருக்கான்."

இப்படியே இருபத்தெட்டு பெயர்கள். கிழவர் குரல் தடுமாறவில்லை. ஊரே குடைக்குள் அசையாமல் நின்றது.

"ஆல்ஃப்ரட் பில்லிங்!"

பதிலில்லை. இத்தனை வருஷமும் ஸ்டான் பேசாவிட்டாலும் அவருக்குப் பின்னால் க்ளிஃபர்ட் இருந்தார். இன்று மேலேயும் கீழேயும் எவருமில்லை. ஸ்டான் தொப்பியைக் கழற்றினார், திரும்பவும் போட்டுக்கொண்டார். பாதிரியார் தொண்டையைக் கனைத்தார். சவப்பெட்டியின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"டோரீன், மழை வலுக்குது..." என்றார் பாதிரியார்.

"அவசரம்னா நீங்க போய் டீ சாப்பிடுங்க ஐயா. அப்பா இந்தப் பேருக்கு அரைமணி நேரம் காத்திருந்தாரு. நானும் காத்திருப்பேன்."

யாரும் போகவில்லை. டோரீன் ஸ்டானைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்தாள். பதில் வராமல் போனால் அப்பாவின் பெயரைக் கூப்பிடாமலே மண்ணள்ளிப் போடவேண்டி வரும். அது அவளுக்கும் தெரியும், ஸ்டானுக்கும் தெரியும்.

"அவனுக்குப் பத்தொன்பது வயசு" என்றார் ஸ்டான், யாரிடமோ.

பிறகு நிமிர்ந்தார்.

"இருக்கான், சார்ஜென்ட்."

"ஸ்டான்லி பில்லிங்!"

தன் பெயருக்குத்தான் அவருக்கு அதிக நேரம் பிடித்தது. "இருக்கேன்" என்றபோது பாதி குரல்தான் வெளியே வந்தது.

"க்ளிஃபர்ட் ராஸ்ட்ரன்!"

"இருக்கார்!" என்று கத்தினார் கிழவர். மதில் மேலிருந்த காக்கைகள் எழும்பின.

வீட்டில் கூட்டம் முட்டியது. டோரீன் சமையலறையில் நின்றபோது பின்கதவு திறந்தது. ஸ்டான் கால்மிதியில் காலைத் தேய்த்துவிட்டு, கையில் வெறும் தட்டோடு வந்தார்.

"ஹாம் இருக்கா?"

"இருக்கு. வாங்க."

"கொழுப்போட இருக்கிற பக்கமா வெட்டு. ஆல்ஃபிக்கு அதுதான் பிடிக்கும்." தட்டை நீட்டினார்: "அவனுக்கு நாங்க ஹாம் வைக்கவேயில்ல."

டோரீன் கத்தியை எடுத்து, ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று, இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டினாள்.