எட்டுச்செலவுக்கு ஒரு மெட்டு

என் மனுசன் மகேசன் செத்த எட்டாம் நாள், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மனுரேவா ஊர் வீட்டில் எட்டுச்செலவு. செத்தவருக்குப் பிடித்த எல்லாவற்றையும் அன்றைக்கு வாழையிலையில் படைக்க வேண்டும். ஒன்றும் குறைவைக்கக் கூடாது. ஆட்டிறைச்சிக் கறி, நண்டுக் குழம்பு, பொரித்த மீன் எல்லாம் வைத்தேன். அவருடைய அண்ணர் ஏரம்பமூர்த்தி தன் கையாலேயே அரைப்போத்தல் விஸ்கியும் ஒரு பெட்டி சிகரெட்டும் கொண்டுவந்து வைத்தார். அதை ஒருவரும் பிழையென்று சொல்லவில்லை.

"இன்னும் ஒண்டு இருக்கு, அத்தான். அவற்ற மெட்டு," என்று ஏரம்பமூர்த்தி அத்தானிடம் சொன்னேன்.

அத்தானின் முகம் கறுத்தது. எந்த மெட்டு என்று அவருக்குத் தெரியும். பக்கத்து ஊர் மங்கரேயின் சரக்குக் கொட்டகையில் மகேசனோடு வேலை செய்த ரோய் என்ற வெள்ளைக்காரர் எந்நேரமும் முணுமுணுக்கும் தேவாலய மெட்டு அது. ரோயின் சொந்த ஊர் ஹேஸல்கேட், இங்கிலாந்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகளே உள்ள குக்கிராமம். அங்கே கிழங்கு கிண்டும் பெண்கள் பாடியதைக் கேட்ட ஒரு பெரிய மனிதர், மெட்டை எழுதியெடுத்துத் தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்து, அதற்கு ஊரின் பெயரையே வைத்தாராம். மகேசனிடமும் அது ஒட்டிக்கொண்டது. காரில், குளியலறையில், தேங்காய் துருவும்போது, எப்போதும் அதே விசில்தான். பாட்டின் சொல் ஒன்றும் அவருக்குத் தெரியாது.

"செல்வநாயகி, சைவ வீட்டில வேதக்காரரின்ர சேர்ச்சுப் பாட்டோ?"

"தோட்டத்தில வேலை செய்த பெண்டுகளின்ர பாட்டு, அத்தான். சேர்ச்சுக்காரர் பிறகுதான் எடுத்தவை."

"ஆர் எடுத்தாலென்ன? நீ அதைத் தொடங்கினா நான் கை நனைக்காமல் எழும்பிப் போவன்."

எட்டுச்செலவு வீட்டில் மூத்தவர் சாப்பிடாமல் எழும்புவதைப் போல அவமானம் எங்களுக்குள் வேறில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மகன் கீதன், "அம்மா, ஜஸ்ட் லீவ் இட்," என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விஸ்கியை எந்தத் தேவாரத்தில கண்டனீங்கள், அத்தான்?"

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். நான் இலைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து உதட்டைக் குவித்தேன். பிறந்த நாள் முதல் நான் விசிலடித்தவள் இல்லை. பொம்பிளைப் பிள்ளை விசிலடித்தால் வீட்டுக்கு ஆகாது என்று வளர்த்த கூட்டம் நாங்கள். இப்போது புருசனைப் பறிகொடுத்த கையோடு, சபை நடுவில்!

முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. என் தங்கை சுகந்தினி, "அக்கா, மானத்தை வாங்காதையுங்கோ," என்றாள். மறுபடியும் குவித்தேன். மெட்டு வந்தது. கோணலும் மாணலுமாகத்தான், ஆனாலும் வந்தது. எனக்கு அழுகையும் வந்தது, அதை விழுங்கிவிட்டு ஊதினேன். நடுவில் மூச்சு முட்டிய இடத்தில் கீதன் பிடித்துக்கொண்டான், அச்சு அசல் தகப்பனைப் போலவே.

அத்தான் எழும்பிப் போய் வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்தைத் தேடினார். "அத்தானைப் போகவிடாமல் மறியுங்கோ அக்கா," என்று சுகந்தினி காதுக்குள் கெஞ்சினாள். நான் மறிக்கவில்லை. மெட்டை முதலில் இருந்து தொடங்கினேன்.

அத்தானுக்குப் பசித்தால் வழியெல்லாம் கடை இருக்கிறது. என் மனுசனுக்கு இந்த ஓர் இலைதான்.