பாதிக் கூரை

பர்ஸைக் கவிழ்த்து உதறினாள். மாத்திரைப் பட்டைகளோடும் ஆஸ்பத்திரிப் பார்வையாளர் சீட்டுகளோடும் மெமரி கார்டும் விழுந்தது. நகத்தளவுதான். கணவன் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்விட்டான். பத்து மணிக்கு வண்டி உடலைக் கொண்டுவந்துவிடும்.

"குடும்மா. அப்பாகிட்ட பாத்துட்டேன்னு சொல்லணும்" என்று புடவையைப் பிடித்து இழுத்தாள் எட்டு வயது மகள்.

பழைய கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டை வாங்கி, உள்ளேயிருந்ததை மாற்றித் தனக்குப் பிடித்தபடி செய்து வைத்திருந்தான் அவன். ஒன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில், இன்னொன்று வீட்டில். இரண்டுக்கும் கார்டு ஒன்றே. பகலில் அப்பா, சாயங்காலம் மகள் என்று இரண்டு மாதமாக அதிலிருந்த விளையாட்டில் ஒரு வீடு கட்டினார்கள். தினமும் கார்டைச் சுமந்தது அம்மா. சுவர் மகளுடையது. கூரை அவனுடையது.

"கூரை முடிஞ்சுது வாலு, கார்டு வந்ததும் பாரு" என்று நேற்று மகளிடம் போனில் சொன்னான். ஆனால் வாலு காய்ச்சலில் சாயங்காலமே தூங்கிப்போனாள்.

அம்மா கருவியில் கார்டைப் போட்டாள். திரையில் எழுத்து வந்தது. 'கார்டைப் படிக்க முடியவில்லை. அழித்துத் தயார் செய்யவா?' கீழே ஆம், இல்லை.

நேற்று பார்வை நேரம் முடிந்து காவலாளி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். கருவியில் பச்சை விளக்கு சிமிட்டும்போது கார்டைத் தொடாதே என்று கணவன் நூறு தடவை சொல்லியிருக்கிறான். அவள் உருவிவிட்டாள்.

"லைட் அணைஞ்சுதா?" கண்ணை மூடியபடியே கேட்டான்.

"அணைஞ்சிடுச்சு."

அவனிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

"அம்மா, ஆமுன்னு அமுக்கவா?"

"தொடாதே!" அவள் கத்தியதில் கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த போன் ரிப்பேர்க்காரன் ஓடிவந்தான். கணவனின் சிநேகிதன். 'இந்த ஆஸ்பத்திரி மொத்தத்தையும் சேத்தாலும் எனக்கு நம்பிக்கையான டாக்டர் நீ ஒருத்தன்தாண்டா' என்று கணவன் கேலி செய்வான்.

"என்ன அண்ணி?"

கருவியை நீட்டினாள்.

"நல்லவேளை, ஆம் குடுக்கல. குடுத்திருந்தா எல்லாம் போயிருக்கும்."

கார்டின் முனையை பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டான். அதே எழுத்து. பையிலிருந்த தன் மடிக்கணினியில் செருகினான். திரையில் ஒரு கோடு ஊர்ந்தது, பாதியில் நின்றது, மறுபடி ஊர்ந்தது.

வாசலிலிருந்து நாத்தனார் குரல் வந்தது. "பொணம் வர்ற நேரத்துல விளையாட்டு கேக்குதா இவங்களுக்கு?"

ரிப்பேர்க்காரன் கார்டை எடுத்துக் கருவியில் திரும்பப் போட்டான்.

"கார்டுல சேமிச்சிட்டிருக்கும்போதே உருவியிருக்கு அண்ணி" என்றான் தணிந்த குரலில். "கடைசியா சேமிச்சது போச்சு. நடுவுல அதுவா சேமிச்சுக்கிட்ட ஒண்ணு கெடச்சிருக்கு."

மகள் கருவியை வாங்கித் திறந்தாள். வீடு இருந்தது. கூரை பாதிதான் இருந்தது.

"முடிச்சிட்டேன்னாரே அப்பா. பொய்யா?"

அப்படியே விட்டிருக்கலாம்.

"பொய் சொன்னது அப்பா இல்ல. அவரு முடிச்சாரு. லைட் அணையறதுக்குள்ள நான்தான் உருவிட்டேன்."

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஓடுகளை வைக்க ஆரம்பித்தாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. தெருவில் வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ பெருங்குரலெடுத்து அழுதார்கள்.

கடைசி ஓடும் வைத்ததும் சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள் மகள். பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

"அண்ணி, இறக்கறாங்க. வாங்க" என்றான் ரிப்பேர்க்காரன்.

"இரு" என்றாள். மகளின் கையோடு சேர்த்துக் கருவியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "அணையட்டும்."