ஊத்திக் கொடுத்தவர்

மெக்கானிக் சுருளிராஜன் ஜீப்புக்கு அடியில் வைத்த சட்டி நிரம்பிவிட்டது. எண்ணெய் இன்னும் நிற்கவில்லை. துணியைச் சுருட்டி ஓட்டையை அடைத்துக்கொண்டு, இன்னொரு பாத்திரம் கேட்டுக் குரல் கொடுத்தான். இன்னாசி ஓடிப்போய், பட்டறைச் சுவரோரம் கிடந்த பெயின்ட் வாளியை எடுத்து வந்தார். அதிலும் கால்வாசி இறங்கிய பிறகுதான் ஒழுக்கு நூலாகி, சொட்டாகி, அடங்கியது. ஆறு லிட்டர் கொள்ளும் இன்ஜினிலிருந்து எட்டரை லிட்டர் வந்திருந்தது.

சுருளிராஜன் வெளியே தவழ்ந்து வந்து உட்கார்ந்தான். "அண்ணே, இம்புட்டையும் யாருண்ணே ஊத்துனது?"

"நாந்தான். வண்டிதான் குடிக்குதேப்பா."

அந்த ஜீப் இன்னாசியிடம் பத்தொன்பது வருஷமாக இருக்கிறது. ராயப்பன்பட்டியிலிருந்து விடியற்காலம் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு மலையேறி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வரும். நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் காட்டியதோடு மீட்டர் தன் வேலையை முடித்துக்கொண்டது, வண்டி முடித்துக்கொள்ளவில்லை. சிலிண்டரை இரண்டு முறை கடைந்தாயிற்று. மூன்றாம் முறை கடைய அந்த இரும்பில் சதை இல்லை. போன வருஷத்திலிருந்து வளைவுக்கு வளைவு நீலப்புகை. பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். போடியில் நாலைந்து ஜீப் வைத்திருக்கும் லிங்கேஸ்வரன், பாடிக்காக இதை எடுத்துக்கொள்வதாகவும், தன் புது வண்டி ஒன்றில் இன்னாசியை டிரைவராக வைத்துக்கொள்வதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றுதான் வெள்ளிக்கிழமை பொழுது சாய பட்டறைக்கு வந்தது.

வண்டியை எங்கே நிறுத்துகிறார், எப்போது அளவு பார்க்கிறார் என்று சுருளிராஜன் ஒவ்வொன்றாகக் கேட்டான். இன்னாசியும் ஒளிக்காமல் சொன்னார். செல்ஃப் மோட்டார் சரியாக எடுப்பதில்லை. அதனால் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்துச் சரிவில், உருட்டி ஸ்டார்ட் பண்ணத் தோதாக, மூக்குக் கீழே பார்க்க நிறுத்துவார். காலையில் எழுந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு பானட்டைத் தூக்கி, அங்கேயே அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பார். கம்பி எண்ணெயில் பாதிதான் நனைந்திருக்கும். குறைகிறதே என்று கொஞ்சம் ஊற்றுவார்.

சுருளிராஜன் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பை விழுங்கி, மறுபடியும் சிரித்தான். கம்பி இன்ஜினின் பின்பக்கமாக இறங்குவது. சரிவில் நின்றால் எண்ணெய் பூராவும் முன்னால் ஓடிப்போய் நிற்கும். கம்பி எப்படி நனையும்? மிஞ்சிய எண்ணெய்தான் எரிந்து புகையாகப் போயிருக்கிறது.

"அப்ப இன்ஜின் நல்லாருக்கா?" இன்னாசியின் குரல் அவருக்கே சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது.

"அப்படிச் சொல்லலண்ணே. ரிங்கு தேஞ்சு பேக் கம்ப்ரஷன் கொஞ்சம் அடிக்கத்தான் செய்யுது. சரியான அளவுக்கு ஊத்தித் தாரேன். நாளைக்கு ஆள ஏத்திக்கிட்டு மெட்டுக்குப் போங்க. புகை நின்னுருச்சுன்னா, ரிங் செட்டு மட்டும் மாத்துவோம். அஞ்சு வருஷம் ஓடும். மேல ஏறியும் எண்ணெய் கக்குச்சுன்னா, அதுல ஒரு ரூபா போடாதீக. லிங்கேஸ்வரனுக்கே குடுத்துருங்க."

வீட்டில் மனைவி லூர்து மேரி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஊரு பூரா வண்டி குடிக்குது குடிக்குதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீகளே. ஊத்திக் குடுத்ததே நீங்கதானா?"

இன்னாசிக்குச் சிரிப்பில் புரையேறியது. அவளே தலையில் தட்டிவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்கியதும், அடுத்தவர் வாசலில் சாவிக்குக் காத்து நிற்பது அவருக்கு ஆகாது என்று தனக்குத் தெரியும் என்றாள். ஆனால் பாசத்துக்காக வண்டியை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். "மேட்டுல அது என்ன சொல்லுதோ, அதக் கேளுங்க."

மறுநாள் காலை ஏறும் முன்பே பதினோரு பேருக்கும் சேதி தெரிந்திருந்தது. எப்படி என்று இன்னாசி கேட்கவில்லை. கடைசி சீட்டில் பின்னால் பார்த்து உட்காரும் மூக்கம்மாள், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஏப்பா இன்னாசி, போடிக்காரக வண்டின்னா நான் துப்புறதுக்கு நிப்பாட்டுவாகளா?" என்று கேட்டாள். நிப்பாட்ட மாட்டார்கள், வண்டியைக் கழுவச் சொல்வார்கள் என்றார் இவர். அதற்கப்புறம் மலை தொடங்கியது, பேச்சு நின்றது. மார்கழிப் பனி வளைவுகளில் படுத்துக் கிடந்தது. இன்னாசி காதால் ஓட்டினார். சத்தம் முன்னைவிடக் கனமில்லாமல் இருந்தது போலிருந்தது. தன் ஆசைதான் அப்படிக் கேட்கிறதோ என்றும் இருந்தது.

"புகை வருதாக்கா?"

"எங்கிட்டுப் பாத்தாலும் வெள்ளையாத்தான் இருக்கு. இதுல உன் புகை எது, மலைப் பனி எதுன்னு நான் எப்படிப்பா சொல்ல?"

மெட்டுக்கு வந்ததும் செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஓரங்கட்டினார். இன்ஜினை அணைக்கவில்லை. வெள்ளைத் துணி ஒன்று வேண்டும் என்றார். மூக்கம்மாள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, இறங்கிப் போய் சைலன்சர் வாயில் தானே பிடித்தாள். இன்னாசி ஆக்சிலேட்டரை மூன்று முறை அழுத்தினார். துண்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு வட்டம் விழுந்தது.

பெண்கள் எல்லோரும் இறங்கிச் சூழ்ந்துகொண்டார்கள். வெறும் கரி என்றால் நல்லது, பிசுக்கு என்றால் எண்ணெய் என்று இன்னாசி சொல்லிக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு விரல் வைத்தார்கள். மாரீஸ்வரி வழுக்குகிறது என்றாள். கருத்தம்மாள் அது ஈரம்தான் என்றாள். முகர்ந்து பார்த்தார்கள், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்கள். துண்டின் ஓரங்களில்கூடப் பனி ஏறியிருந்தது. கடைசியில் துண்டு இன்னாசியின் கைக்கு வந்தது. விரல் விறைத்துப் போயிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"தண்ணின்னா காஞ்சிரும். எண்ணெய்னா நிக்கும்" என்று சொல்லி, மூக்கம்மாள் துண்டை வாங்கி, தார்ப்பாய்க் கம்பியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

ஜீப் மறுபடி புறப்பட்டது. செக்போஸ்ட்டில் நின்ற கேரளப் போலீஸ்காரர் துண்டைப் பார்த்து, எந்தக் கட்சிக் கொடி என்று மலையாளத்தில் கேட்டார். பதினோரு பேரும் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, நடுவில் கறுப்பு வட்டத்தோடு காற்றில் படபடத்த துண்டையே பார்த்துக்கொண்டு போனார்கள். ஏலக்காட்டு மரங்களுக்கு மேலே வெயில் அப்போதுதான் வரப் பார்த்தது.